காரை விற்ற பிறகும் மாறாத பெயர்: மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலைக்குப் போன ஒரு வண்டி

குமரி மாவட்டத்தில் பழைய கார் விற்பவருக்கு ஆள் கிடைப்பது பல நேரம் களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது கேரளாவிலிருந்துதான். ஊர் பக்கம், பேச்சும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைப் பொறுத்தவரை அது வேறு மாநிலம். விற்பவர் போட வேண்டிய கையெழுத்தும், போக வேண்டிய அலுவலகமும், நடக்க வேண்டிய வரிசையும் மாறிவிடும். அதைக் கவனிக்காமல் நடந்த ஒரு விற்பனை எட்டு மாதம் இழுத்து, கடைசியில் சரியானது. அது எப்படிச் சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்பதே இந்தப் பதிவு. தொடர்புடையவர்களின் பெயரும் வண்டி எண்ணும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

விற்றவர் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியர். வண்டி 2013-ல் மார்த்தாண்டத்தில் டி.என். 75 எண்ணோடு பதிவான, 1,197 சி.சி. பெட்ரோல் கார். ஒரே கை. சர்வீஸ் எல்லாம் ஒழுங்காகச் செய்த வண்டி.

வண்டி நன்றாக இருந்தது, காகிதத்தில்தான் குறை. கடனை 2018-லேயே அடைத்து, வங்கி கொடுத்த தடையில்லாக் கடிதத்தையும் படிவம் 35-ஐயும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து எச்.பி.யை, அதாவது வண்டிமேல் வங்கிக் கடன் உண்டு என்ற பதிவைக் கேன்சல் செய்யவில்லை. ஆகவே ஆர்.சி.யில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பெயர் அப்படியே நின்றது. அந்த வங்கி 2017 ஏப்ரல் 1-ல் எஸ்.பி.ஐ.யோடு இணைந்துவிட்டது. அதற்கு முன் கடனில் வாங்கிய கார்கள் நம் மாவட்டத்தில் இன்னும் ஓடுகின்றன, தன் ஆர்.சி.யில் எந்த வங்கியின் பெயர் நிற்கிறது என்று பார்க்காதவர்கள் இன்றே பார்ப்பது நல்லது.

வண்டிப் பதிவுகளுக்கான அரசுத் தளமான வாகனில் இருந்த செல்பேசி எண்ணும் பழையது. அவர் அதை விட்டு நாலைந்து ஆண்டு ஆகியிருந்தது. காப்பீடு மட்டும் 2024 பிப்ரவரி கடைசி வரை உயிரோடு இருந்தது.

கைமாறிய நாள்

2023 செப்டம்பரில் மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடையில், ₹2,15,000-க்கு விலை முடிந்தது. ₹2,05,000 வங்கி வழியாக அன்றே வந்தது. எச்.பி. கேன்சல் ஆகும்வரை ₹10,000 பிடித்தம். "பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம் சார், நீங்க ஒப்பு மட்டும் போட்டுத் தாங்க" என்றார்கள்.

அவர் கையெழுத்திட்டது படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று. மூன்றிலும் கையெழுத்தைத் தவிர ஒன்றும் நிரப்பவில்லை. விற்று ஒப்படைத்த தேதி, வாங்குபவரின் பெயர், முகவரி எல்லாம் வெற்றிடம். அசல் ஆர்.சி., காப்பீட்டு நகல், இரண்டு சாவி கொடுத்தார். கன்சல்டிங் தன் லெட்டர்பேடில் ஒரு டெலிவரி நோட் எழுதிக் கொடுத்தது. அதில் தேதி உண்டு. நேரம் இல்லை, ஓடிய கிலோமீட்டரும் இல்லை. வீட்டுக்குக் கிளம்பும் முன் அவருடைய மகன் அந்த நோட்டை பானெட்டின் மேல் வைத்து, நம்பர் பிளேட்டும் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்தார். பின்னால் இந்த விஷயத்தில் மிக உதவிய ஆவணம் அதுதான். படக் கோப்பில் நாளும் நேரமும் பதிந்திருந்தன.

ஃபாஸ்டேக்கை யாரும் நினைக்கவில்லை. ஸ்டிக்கர் கண்ணாடியிலேயே போனது. அதன் பின்னால் இருந்த வங்கிக் கணக்கு விற்றவருடையது.

தென்பட்டவை

முதல் அறிகுறி அக்டோபரில், ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியாக வந்தது: திருவல்லம் சுங்கச்சாவடியில் பணம் எடுக்கப்பட்டது. கழக்கூட்டம்–காரோடு புறவழிச் சாலையில் உள்ள சாவடி அது. வண்டி கேரளாவில் ஓடுகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. புதியவர் மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

டிசம்பரில் தபாலில் ஒரு நோட்டீஸ். கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் ஏ.ஐ. கேமராக்கள் பிடிக்கும் விதிமீறலுக்கு அபராதம் விதிக்கப்படுகிறது, நோட்டீஸ் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் முகவரிக்கே போகும். சீட் பெல்ட் போடாததற்கு ₹500. படத்தில் ஓட்டுநர் இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவர். இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது இன்னொரு சீட் பெல்ட் அபராதமும், வேக மீறலுக்கு ₹1,500-ம் நின்றன. மொத்தம் ₹2,500. குறுஞ்செய்திகள் எல்லாம் பழைய எண்ணுக்குப் போயிருந்தன. மூன்று அபராதமும் அக்டோபருக்குப் பிந்தியவை.

ஜனவரி கடைசியில் உள்ளூர்க் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கம் அந்தக் கார் ஒரு ஸ்கூட்டரை உரசியிருந்தது. ஓட்டிவந்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்திருந்தது. காரை வைத்திருந்தவர் சிகிச்சைச் செலவையும் ரிப்பேரையும் ஏற்றுக்கொண்டதால் வழக்காகவில்லை. ஆனால் வண்டியை ஓட்டியது யார் என்று காவல்துறை கேட்டால் சொல்ல வேண்டிய கடமை, மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவின்படி, உரிமையாளருக்கு உண்டு. உரிமையாளர் என்று பதிவேடு காட்டியது இவரை. கன்சல்டிங்கின் பெயரைத் தவிர அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஏன் நின்றது

கன்சல்டிங் ஏமாற்றிவிட்டது என்றே குடும்பம் முதலில் நினைத்தது. விசாரித்தால் நிலைமை வேறு. அக்டோபர் முதல் வாரத்திலேயே பாறசாலைப் பக்கத்து வியாபாரி ஒருவருக்கு வண்டி கைமாறியிருந்தது. அவர் முழுப் பணமும் கொடுத்துவிட்டு, பெயர் மாறாமல் அவரும் தவித்துக்கொண்டிருந்தார். "சாரே, நான் மாசம் ரண்டு தடவ கேக்குதேன், எச்.பி. கெடக்குன்னு சொல்லுதாங்க" என்பது அவர் குறை.

வெற்றுக் கையெழுத்து இங்கே யாருக்கும் பயன்படவில்லை. படிவம் 29 விற்பவரின் அறிவிப்பு. படிவம் 30 பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பம். தமிழ்நாட்டுக்குள் கைமாறும் வண்டிக்கு, கடன் பதிவு இல்லையென்றால், இவை இரண்டும்தான் அடிப்படை. வண்டி மாநிலம் தாண்டினால் 48-வது பிரிவின்படி இங்கிருந்து தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., வேண்டும். அதற்கான படிவம் 28-ல் விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு உரிமையாளர். அந்தப் படிவத்தில் இவர் கையெழுத்திடவே இல்லை. வண்டி கேரளாவுக்குப் போகும் என்று விற்ற நாளில் யாரும் சொல்லவும் இல்லை. எச்.பி. நிற்கும்வரை வங்கியின் ஒப்புதல் இல்லாமல் என்.ஓ.சி. வராது. எச்.பி. நீக்க படிவம் 35-ல் வங்கியோடு இவரும் ஒப்பமிட வேண்டும். ஆன்லைன் விண்ணப்பத்தின் ஓ.டி.பி. போவதோ யாரிடமோ இருக்கும் பழைய எண்ணுக்கு.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாக நினைத்தவரிடம்தான் எல்லாச் சாவியும் இருந்தது. பழைய கார் விற்கும் ஒவ்வொருவரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். வெற்றுப் படிவம் விற்றவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. வாங்கியவருக்கும் உரிமை தருவதில்லை.

பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் 2(30) பிரிவின்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. ஸ்கூட்டர் உரசலில் அடி பெரிதாகியிருந்தாலோ, அது பிப்ரவரியில் காப்பீடு முடிந்த பிறகு நடந்திருந்தாலோ, லட்சக்கணக்கில் கேட்டு நோட்டீஸ் இந்த ஓய்வூதியக்காரரின் வீட்டுக்குத்தான் வந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வண்டி திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். இதை உடனே தள்ளியது மிகச் சரி. பணம் வாங்கி விற்ற வண்டிக்குத் திருட்டுப் புகார் பொய்ப் புகார், அதுவே குற்றம். போதாததற்கு, என்.ஓ.சி. தரும் முன் அந்த வண்டிமேல் திருட்டு வழக்கு நிலுவையில் இல்லை என்று காவல்துறையிடம் எழுத்தில் பெற வேண்டும் என்கிறது அதே 48-வது பிரிவு. புகார் கொடுத்திருந்தால் வெளியேற இருந்த ஒரே வழியும் அடைபட்டிருக்கும்.

வண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வது இன்னொரு யோசனை. வாங்கியவர் நான்கு டயர் மாற்றியிருந்தார், சம்மதிக்கவில்லை. முதலில் கன்சல்டிங் உரிமையாளர் பெயருக்கு மாற்றிப் பிறகு கேரளாவுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அது ஒரு கை கூட்டி வண்டியின் விலையைக் குறைக்கும், காலமும் இரட்டிக்கும். கடைசியில் விற்றவரே என்.ஓ.சி. எடுத்துக் கொடுப்பது, வாங்கியவர் பாறசாலையில் பெயர் மாற்றிக்கொள்வது என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

காப்பீடு முதலில். விற்றவரே தன் பெயரில், விபத்தில் பிறருக்கு ஆகும் இழப்பை ஏற்கும் மூன்றாம் நபர் பாலிசியை ஓராண்டுக்குப் புதுப்பித்தார். விற்ற வண்டிக்கு இவர் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று குடும்பத்தில் சண்டையே நடந்தது. பெயர் மாறும்வரை விபத்தின் சுமை இவர் தலையில்தான் என்பதால் இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் அப்போது ₹3,416. அப்போதிருந்த 18% ஜி.எஸ்.டி.யோடு ₹4,031. தனிநபர் விபத்துக் காப்பு அவருக்கு வேறு பாலிசியில் இருந்ததால் அது சேரவில்லை. தொகையைப் பிறகு கன்சல்டிங் கொடுத்தது.

அடுத்தது எழுத்துப்பூர்வ அறிவிப்பு. விற்ற விவரம், டெலிவரி நோட்டின் நகல், பணம் வந்த வங்கிப் பதிவு, போனில் எடுத்த படம் ஆகியவற்றோடு மார்த்தாண்டம் அலுவலகத்துக்கும், கன்சல்டிங்குக்கும், வாங்கியவருக்கும் ஒப்புகை அட்டையுடன் தபால் போனது. மாநிலத்துக்குள் 14 நாளில், வெளி மாநிலம் என்றால் என்.ஓ.சி.யோடு 45 நாளில் விற்றவர் தெரிவிக்க வேண்டும் என்பது 50-வது பிரிவு. காலம் கடந்திருந்தது, ஆனாலும் தெரிவிக்காமல் இருப்பதைவிடத் தாமதமாகத் தெரிவிப்பது மேல்.

ஃபாஸ்டேக்கை மூடும் முன் கணக்கு அறிக்கையைத் தரவிறக்கி வைத்துக்கொண்டார்கள். இந்த வரிசை முக்கியம். எந்த நாள் எந்தச் சாவடியில் வண்டி போனது என்பதற்கு அது சான்று. அதே சமயம் இவர் கணக்கிலிருந்தே சுங்கம் கட்டப்பட்டது, வண்டி இன்னும் இவரிடம்தான் என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடம் தரும். அதனால் டெலிவரி நோட்டோடு சேர்த்து வைத்தால்தான் அது பயன்படும்.

படிவம் 29-ல் எந்தத் தேதி போடுவது என்பதில்தான் அதிகம் விவாதம் நடந்தது. தாமதக் கட்டணத்துக்குப் பயந்து அன்றைய தேதியைப் போடுவது வழக்கம். இங்கே அப்படிப் போட்டிருந்தால் மூன்று அபராதமும் ஸ்கூட்டர் உரசலும் நடந்த நாளில் வண்டி இவருடையது என்று இவரே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பழைய வெற்றுப் படிவங்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு, பாறசாலைக்காரர் வண்டியை உண்மையில் எடுத்த அக்டோபர் தேதியோடு புதிதாக எழுதினார்கள். செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட நாட்களுக்குக் கன்சல்டிங்கின் நோட் சாட்சி. தாமதத்துக்கு உண்டானதை வாங்கியவரும் கன்சல்டிங்கும் பாதிப் பாதி ஏற்றார்கள்.

அடுத்து நடந்தவை

பிப்ரவரியில் முதல் வேலையாக ஆதார் வழியே வாகன் பதிவில் செல்பேசி எண் மாறியது. வங்கியின் 2018 கடிதம் காலாவதி. எஸ்.பி.ஐ. கிளை பழைய கடன் எண்ணைத் தேடி எடுத்து, புதிய தடையில்லாக் கடிதமும் முத்திரையிட்ட படிவம் 35 இரண்டு பிரதியும், ஆர்.சி.யில் உள்ள வங்கி தங்களோடு இணைந்தது என்ற குறிப்பும் கொடுத்தது. அந்தக் குறிப்பு இல்லையென்றால் ஆர்.சி.யில் ஒரு வங்கி, கடிதத்தில் ஒரு வங்கி என்று விண்ணப்பம் திரும்பும்.

எச்.பி. நீக்க அசல் ஆர்.சி. வேண்டும். அது பாறசாலையில். வாங்கியவர் வண்டியோடு மார்த்தாண்டத்துக்கு வந்தார். அன்றே படிவம் 28-க்காக, வண்டியின் உடலில் பொறித்த சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரதியும் எடுத்தார்கள். இந்த வண்டியில் முன் இருக்கைக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கினால் எண் தெரியும். துருவும் மண்ணும் படிந்திருந்ததால் முதல் பிரதியில் கடைசி இரண்டு எழுத்து பதியவில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, மெல்லிய தாளை டேப்பால் அசையாமல் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தபோது 17 எழுத்தும் விழுந்தன. படிவம் 28 மூன்று பிரதி என்பதால் மூன்று தடவை. ஒரு பிரதியை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவது வேண்டாம். அந்தப் பக்கத்து அலுவலகத்தில் வண்டியோடு ஒப்பிடுவார்கள்.

அபராதம் ₹2,500-ஐ வாங்கியவர் இ-செலான் தளத்தில் கட்டினார். நிலுவை இருக்கும்வரை பதிவில் தடைக்குறி நிற்கும்; அதனால்தான் என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு முன்பே இது முடிந்தது. மார்ச் நடுவில் என்.ஓ.சி. கைக்கு வந்தது.

மாதக் கடைசிக்குள் பாறசாலையில் புது எண் கேட்கும் படிவம் 27, அதோடு படிவம் 29, 30, என்.ஓ.சி., காப்பீடு, புகைச் சான்று எல்லாம் கொடுத்தார்கள். வண்டியைக் காட்டி, கேரள வரியும் கட்டி, மே மாதம் கே.எல். 19 எண்ணோடு புதிய ஆர்.சி. வந்தது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புது எண் எடுத்தாக வேண்டும் என்பது 47-வது பிரிவு என்பதால் இது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். பிடித்து வைத்த ₹10,000 அதே வாரம் விற்றவருக்கு வந்தது.

மாற வேண்டியவை

விலை பேசும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: வண்டி எந்த ஊரில், யார் பெயரில் ஓடப்போகிறது? பதில் கேரளா என்றால் படிவம் 28-லிருந்து தொடங்க வேண்டும். இன்னும் தெரியாது என்றால் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்திட வேண்டிய தேவையே இல்லை. வாங்குபவர் முடிவாகும்வரை வண்டி கன்சல்டிங்கில் நிற்கட்டும், கையெழுத்து வீட்டில் இருக்கட்டும்.

கன்சல்டிங் வழியாகவே விற்பதென்றால் அவர்களிடம் அங்கீகாரச் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி-யில் ஆன்லைன் அறிவிப்பு போகும். அதன்பின் வண்டிக்கான பொறுப்பு அவர்களுடையது. என்.ஓ.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் அவர்களே விண்ணப்பிக்க முடியும். இந்த நிகழ்வில் இருந்த கன்சல்டிங்குக்கு அந்த அங்கீகாரம் இல்லை. இருந்திருந்தால் எட்டு மாத அலைச்சலில் பெரும்பகுதி நடந்திருக்காது.

எச்.பி. கேன்சலை விற்பனைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கடன் அடைத்த மாதமே செய்வது இன்னும் நல்லது. செல்பேசி எண்ணும் அப்படியே. ஃபாஸ்டேக்கை மூடி ஸ்டிக்கரைக் கிழித்த பிறகே சாவி கைமாற வேண்டும்.

டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும், ஓடிய கிலோமீட்டரும், சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்தும், வாங்குபவரின் முகவரியும் செல்பேசி எண்ணும், அவர் அடையாள அட்டையின் நகலும் இருக்க வேண்டும். முத்திரைத்தாளில் எழுதினாலும் நோட் நோட்டுதான். அது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. காவல் நிலையத்தில் பேச உதவும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது.

காப்பீட்டில் இரண்டு வேலை உண்டு. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாளுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியோடு போகாது, விற்றவருடையது. அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கினால் அடுத்த காருக்கு மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்தலாம்.

விற்ற முப்பதாம் நாள் வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பெயர் மாறியதா, எச்.பி. கட்டம் காலியாக இருக்கிறதா, காப்பீடு எதுவரை என்று மூன்றையும் பார்க்க வேண்டும். வண்டி கேரள எண்ணுக்குப் போயிருந்தால் பழைய எண்ணில் பார்த்தது போதாது. புதிய ஆர்.சி.யின் நகலை வாங்கி, அதில் உள்ள சேஸிஸ் எண் பென்சில் பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, டெலிவரி நோட், என்.ஓ.சி. நகல், தபால் ஒப்புகை அட்டைகளோடு ஒரே கவரில் போட்டு வைக்க வேண்டும். பெயர் மாறுவதற்கு முந்தைய நாட்களில் நடந்த எதற்காவது பின்னால் நோட்டீஸ் வந்தால் இந்தக் கவர்தான் பதில் சொல்லும்.